ஆரியபட்டர்: தன் வயதைக் கணக்காக எழுதி வைத்தவர்

அலகு: எளிய சமன்பாடுகள் – வயதுக் கணக்குகள்



எளிய சமன்பாடுகள் என்ற அலகில் உங்களைக் கூடுதலாகத் தொல்லைப்படுத்துவது வயதுக் கணக்குத்தான். இன்று தாயின் வயது மகளின் வயதைப் போல் மூன்று மடங்கு என்று வினா தொடங்கியதும், அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வினாவுக்குப் போகிறவர்கள் உங்களில் பலர். சமன்பாட்டைக் கையில் தந்தால் தீர்க்கத் தெரிகிறது. வசனத்திலிருந்து சமன்பாட்டை அமைக்கத்தான் தடுமாறுகிறீர்கள். இது கணக்கில் உள்ள குறை அன்று, வாசிப்பில் உள்ள குறை. நான் கலைப் பட்டதாரி. வரலாறும் தமிழும் படித்துவிட்டுக் கணிதம் கற்பிக்க வந்தவள். அதனால்தான் இதை இவ்வளவு துணிந்து சொல்கிறேன்.

ஆகவே இந்தப் பாடத்தை ஒரு விதியிலிருந்து தொடங்காமல் ஒரு மனிதரிலிருந்து தொடங்குவோம். அவர் 1500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். தாம் பிறந்த ஆண்டை அவர் நேராக எழுதவில்லை. ஒரு வயதுக் கணக்காக எழுதி வைத்தார். அந்தக் கணக்கைச் செய்துதான் பிற்காலத்தவர்கள் அவர் பிறந்த ஆண்டைக் கண்டுபிடித்தார்கள். அவர்தான் ஆரியபட்டர்.

ஆரியபட்டர் கணிதமும் வானியலும் அறிந்தவர். அவர் எழுதிய நூல் ஆரியபட்டீயம் எனப்படுகிறது. சமஸ்கிருதச் செய்யுளில் அமைந்த அந்நூல் கீதிகை, கணிதம், காலக்கிரியை, கோளம் என நான்கு பாதங்களைக் கொண்டது. மொத்தம் நூற்றிருபது செய்யுள்களுக்குச் சற்றுக் கூட. அதில் கணிதத்துக்கென ஒதுக்கப்பட்டவை 33 செய்யுள்கள் மாத்திரமே. வர்க்கமூலம், கனமூலம், பரப்பளவு, கனவளவு, கூட்டல் விருத்தி, வட்டிக் கணக்கு, சைன் பெறுமானங்களைப் பெறும் முறை, சமன்பாடு எல்லாம் அந்த 33க்குள் அடங்கிவிட்டன. பரீட்சைக்கு முதல் நாள் நீங்கள் புரட்டும் சுருக்கக் குறிப்புக் கொப்பியை விட அது சிறியது. ஓலையும் எழுத்தாணியும் இருந்த காலத்தில் நூலை மனப்பாடம் செய்துதான் காப்பாற்ற வேண்டும் என்பதால் அப்படிச் சுருக்கினார்கள். ஆனால் அவ்வளவு சுருக்கினால், உரை இல்லாமல் விளங்காது. அந்த உரைகாரர்களைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். அவர் தம் பெயரை எழுதும்போது அது வீரன் என்று பொருள்படும் பட என்ற சொல்லில் முடிகிறது. பண்டிதரைக் குறிக்கும் பட்ட என்ற சொல் பிறகு ஒட்டிக்கொண்டது. தமிழில் ஆரியபட்டர் என்றே வழங்கிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய தாய் தந்தையர் யார், மணம் முடித்தாரா, எந்த மன்னன் அவருக்குப் பரிசளித்தான் என்றெல்லாம் அந்நூலில் ஒன்றும் இல்லை. தம்மைப் பற்றி அவர் தரும் செய்திகள் மிகக் குறைவு. குசுமபுரத்தில் மதிக்கப்படும் அறிவைத் தாம் கூறுவதாக ஓரிடத்தில் சொல்கிறார். குசுமபுரம் என்பது பாடலிபுத்திரம் என்று உரைகாரர் முதலாம் பாஸ்கரர் விளக்கினார். அதுவே இன்றைய பாட்னா நகரம். அதே உரைகாரர் ஆரியபட்டரை அசுமக நாட்டவர் என்றும் குறிப்பிடுகிறார். அது கோதாவரி ஆற்றை ஒட்டிய பழைய நாடு. வடஇந்தியாவில் குப்தர் ஆட்சி தளர்ந்து வந்த காலம் அது. நம் நாட்டு வரலாற்றோடு பொருத்திப் பார்த்தால் எளிதில் நினைவில் நிற்கும். அங்கே ஆரியபட்டர் சிறுவனாக இருந்தபோது, இங்கே சீகிரியாக் குன்றின் மீது அரண்மனை அமைத்துக் காசியப்பன் ஆண்டுகொண்டிருந்தான்.

இனி அந்த வயதுக் கணக்குக்கு வருவோம். காலக்கிரியை என்ற மூன்றாம் பாதத்தில் அது உள்ளது. அதன் கருத்து இது: யுகத்தின் நான்கு கால்பாகங்களில் மூன்று கடந்து, அதற்கு மேல் அறுபது முறை அறுபது ஆண்டுகளும் கடந்தபோது, ஆரியபட்டர் பிறந்து 23 ஆண்டுகள் கடந்திருந்தன. அவ்வளவுதான் தரவு. அவர் எப்போது பிறந்தார் என்பதே வினா.

பேனையை எடுக்குமுன் தரவுகளைத் தரம் பிரியுங்கள். முதலாவது, யுகத்தின் மூன்று கால்பாகங்கள். ஆரியபட்டரின் கணக்கில் ஒரு மகாயுகம் 4320000 ஆண்டுகள். அதை அவர் நான்கு சம பாகங்களாகப் பிரித்தார். ஒரு பாகம் 1080000 ஆண்டுகள். மூன்று பாகங்கள் 3240000 ஆண்டுகள். இவ்வளவு பெரிய எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். அது எங்கிருந்து எண்ணத் தொடங்க வேண்டும் என்பதை மட்டுமே நமக்குச் சொல்கிறது. நான்காம் பாகமாகிய கலியுகம் தொடங்கிய இடத்திலிருந்து எண்ணுங்கள் என்பதே அதன் பொருள். வினாத்தாளில் வரும் எல்லா எண்களையும் சமன்பாட்டுக்குள் திணிக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இரண்டாவது, அறுபது முறை அறுபது. 60 × 60 = 3600. கலியுகம் தொடங்கி 3600 ஆண்டுகள். மூன்றாவது, பிறந்து கடந்தவை 23 ஆண்டுகள்.

இந்திய வானியல் கணக்கின்படி கலியுகம் தொடங்கியது கி.மு. 3102 பெப்ரவரி மாதத்தில். அதிலிருந்து 3600 ஆண்டுகள் போனால் எந்த ஆண்டு வரும்? 3600 இலிருந்து 3102 ஐக் கழித்து 498 என்று எழுதப் போகிறீர்கள். சற்றுப் பொறுங்கள். கி.மு. 1 முடிந்தவுடன் கி.பி. 1 வருகிறது. இடையில் 0 என்ற ஆண்டு இல்லை. கி.மு. 3102 இலிருந்து கி.பி. 1 வரை 3102 ஆண்டுகள் ஆகின்றன. மிகுதி 498 ஆண்டுகளைக் கி.பி. 1 உடன் கூட்ட வேண்டும். 1 + 498 = 499. ஆகவே அவர் குறிப்பிடும் காலம் கி.பி. 499, மார்ச் மாதம்.

இனிச் சமன்பாடு ஒரு வரி. பாடநூலில் எக்ஸ் என்று எழுதும் இடத்தில் நான் வ என்ற எழுத்தை எடுக்கிறேன். எந்த எழுத்தை எடுத்தாலும் விடை மாறாது.

பிறந்த ஆண்டு வ என்க.
வ + 23 = 499
வ = 499 – 23
வ = 476

ஆரியபட்டர் கி.பி. 476 இல் பிறந்தார். கலைக்களஞ்சியம், பொது அறிவுப் புத்தகம் என எங்கும் நீங்கள் காணும் 476 என்ற ஆண்டு இப்படித்தான் வந்தது. கல்வெட்டோ, அரச பதிவேடோ அதற்கு ஆதாரம் அல்ல. 23 ஆண்டுகள் கடந்துவிட்டன என்ற அந்த ஒரு வசனம்தான் ஆதாரம். கடந்துவிட்டன என்ற சொல்லைக் கவனிக்காமல் 23 நடக்கிறது என்று யாராவது வாசித்திருந்தால் விடை 477 ஆகியிருக்கும்.

இன்னொரு கவனமும் வேண்டும். ஆரியபட்டர் தமது 23ஆவது வயதில் ஆரியபட்டீயத்தை எழுதினார் என்று பல புத்தகங்கள் சொல்கின்றன. அந்தச் செய்யுளைத் திரும்ப வாசியுங்கள். அந்தக் காலத்தில் தமக்கு 23 கடந்திருந்தது என்றுதான் உள்ளது. அப்போதுதான் நூலை எழுதினேன் என்று அதில் இல்லை. அப்படியும் இருக்கலாம், சில ஆண்டுகள் கழித்தும் எழுதியிருக்கலாம். வினாவில் சொல்லாததை நாமாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. வயதுக் கணக்கில் பிழை விடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படிச் சேர்த்துக்கொள்பவர்களே.

இதே முறையில் வயது சொல்பவர்கள் உங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள். இறக்குவானையிலோ, எட்டியாந்தோட்டையிலோ, தெரணியகலையிலோ உள்ள ஒரு தோட்டத்தில் மூத்த பாட்டி ஒருவரிடம் வயதைக் கேட்டுப் பாருங்கள். திகதி வராது. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது தனக்கு ஒன்பது வயது என்று சொல்லக்கூடும். ஆரியபட்டர் செய்ததும் அதுதான். ஊரறிந்த ஒரு காலத்தைச் சொல்லி, அப்போது தம் வயதைச் சொன்னார். ஒப்பந்தம் கைச்சாத்தானது 1964 ஒக்டோபர் 30 அன்று. வ + 9 = 1964, எனவே வ = 1955. ஆனால் அந்த ஆண்டுக்குரிய பிறந்தநாள் ஒக்டோபர் 30 இன் பின் வருமானால், பிறந்தது 1954 இன் கடைசி இரு மாதங்களில் என்றாகும். பாட்டி ஒன்பது முடிந்தது என்கிறாரா, ஒன்பது நடந்தது என்கிறாரா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் நடக்கிற வயதையே சொல்வார்கள். ஒன்பது நடந்தது என்றால் முடிந்தது எட்டுத்தான்.

இது விளையாட்டுக் கணக்கு அன்று. பிறப்புப் பதிவு இல்லாமல் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கப் போகிறவர்கள் தோட்டங்களில் இருந்திருக்கிறார்கள். அடையாள அட்டையில் ஏறும் ஆண்டு அந்தக் கணக்கைப் பொறுத்தது. ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பெறலாம். பிறந்த ஆண்டை ஓர் ஆண்டு பிந்தி எழுதிவிட்டால், மலையில் இன்னும் ஓர் ஆண்டு கொழுந்து பறித்துவிட்டுத்தான் அந்தப் பணத்தைக் கையால் தொடலாம். வீட்டில் படிவம் நிரப்பும் வேலை தரம் 10, 11 படிக்கும் உங்களிடம்தான் வரும்.

ஆரியபட்டர் தமது வயதுக் கணக்கைத் தந்ததோடு நிற்கவில்லை. அப்படியான கணக்குகளைத் தீர்க்கும் விதியையும் கணிதபாதத்தின் 30ஆவது செய்யுளில் தந்தார். அதில் இரண்டு சொற்கள் வருகின்றன. ஒன்று குளிகை, மற்றது ரூபகம். ரூபகம் என்றால் நாணயம். நமது ரூபாவுக்கு உறவான சொல். குளிகை என்றால் சிறு உருண்டை. தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் குளிசையும் இதே சொல்தான். விலை தெரியாத ஒரு பொருளை ஆரியபட்டர் குளிகை என்றார். நீங்கள் எக்ஸ் என்று எழுதுவதை அவர் குளிகை என்று அழைத்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவருடைய விதி இப்படிப் போகிறது. இருவரிடம் சம அளவு செல்வம் உண்டு. ஒவ்வொருவரிடமும் சில குளிகைகளும் சில நாணயங்களும் இருக்கின்றன. நாணயங்களின் வித்தியாசத்தைக் குளிகைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் ஒரு குளிகையின் பெறுமதி வரும்.

நமது பக்கத்து உதாரணம் ஒன்று பார்ப்போம். கேகாலைப் பக்கம் றப்பர் தோட்டங்கள் நிறைய உண்டல்லவா. ஒருவரிடம் 5 றப்பர் ஷீற்றுகளும் 700 ரூபாவும் உள்ளன. மற்றவரிடம் 9 ஷீற்றுகளும் 100 ரூபாவும் உள்ளன. இருவரின் செல்வமும் சமம். ஒரு ஷீற்றின் விலை என்ன?

5வ + 700 = 9வ + 100
700 – 100 = 9வ – 5வ
600 = 4வ
வ = 150

ஆரியபட்டரின் வழியில் இதை மனதிலேயே செய்யலாம். நாணய வித்தியாசம் 600, குளிகை வித்தியாசம் 4, ஈவு 150. பரீட்சையில் மேலே காட்டிய செய்கையை முழுமையாக எழுதுங்கள். செய்கைக்கும் புள்ளி உண்டு. ஆனால் விடை சரியா என்று பார்க்க ஆரியபட்டரின் வழி அரை நிமிடத்தில் உதவும்.

இப்போது நீங்கள் விட்டுவிட்டுப் போன அந்தத் தாய் மகள் வினாவை எடுப்போம். இன்று தாயின் வயது மகளின் வயதைப் போல் 3 மடங்கு. 12 ஆண்டுகளின் பின்னர் தாயின் வயது மகளின் வயதைப் போல் 2 மடங்காகும். இன்று அவர்களின் வயதுகள் எவை?

சிறியவரின் வயதை வ என்று எடுப்பது எப்போதும் வசதி. மகள் வ, தாய் 3வ. 12 ஆண்டுகள் கழித்து மகள் வ + 12, தாய் 3வ + 12. அப்போது தாயின் வயது மகளுடையதன் இரு மடங்கு என்பதால்,

3வ + 12 = 2(வ + 12)
3வ + 12 = 2வ + 24
3வ – 2வ = 24 – 12
வ = 12

மகளுக்கு 12, தாய்க்கு 36. சரி பார்ப்போம். 12 ஆண்டுகளின் பின் 24, 48. இரு மடங்கு, சரி.

இரண்டாம் வரியைப் பாருங்கள். ஒரு பக்கம் 3 குளிகையும் 12 நாணயமும், மறுபக்கம் 2 குளிகையும் 24 நாணயமும். ஆரியபட்டர் சொன்ன அதே வடிவம். வயது, விலை, தூரம் என்று வினா வேடம் மாறி வந்தாலும், அடைப்பை நீக்கியவுடன் இந்த வடிவத்தில் வந்து நிற்கிறது.

இந்த வினாவில் மாணவர்கள் வழமையாக விடும் பிழை, அடைப்புப் போடாமல் 3வ + 12 = 2வ + 12 என்று எழுதுவது. தீர்த்தால் வ = 0 வரும். மகளுக்கு 0 வயது, தாய்க்கும் 0 வயது. தாயும் மகளும் ஒரே நாளில் பிறந்தார்கள் என்று விடைத்தாளில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போக முடியுமா? இரு மடங்காவது மகளின் இன்றைய வயது அல்ல, 12 ஆண்டுகளின் பின்னர் உள்ள வயது முழுவதும். அதனால்தான் அடைப்பு. மகளுக்கும் 12 ஆண்டுகள் போகின்றன என்பதை மறக்க வேண்டாம். காலம் தாய்க்கும் மகளுக்கும் ஒரே வேகத்தில் போகிறது. மடங்கு மாறலாம். வித்தியாசம் மாறாது. மேலே இன்று 24 ஆக இருந்த வித்தியாசம், 12 ஆண்டுகள் கழித்தும் 24 தான். இதை வைத்துக் குறுக்கு வழியிலும் போகலாம். இன்றைய வித்தியாசம் 2வ. பின்னர் தாய் இரு மடங்காக உள்ளபோது வித்தியாசம் மகளின் அப்போதைய வயதுக்குச் சமம், அதாவது வ + 12. எனவே 2வ = வ + 12. விடை அதே 12.

ஆரியபட்டரின் வாழ்க்கைக்குத் திரும்புவோம். இன்று அவருடைய பெயர் கூடுதலாகப் பேசப்படுவது வானியலில்தான். பூமி தன் அச்சில் சுழல்கிறது என்று அவர் எழுதினார். ஓடத்தில் போகிறவனுக்குக் கரையில் உள்ள மரங்கள் பின்னோக்கிப் போவது போலத் தெரியும். அதுபோல இலங்கையில் இருந்து பார்ப்பவருக்கு அசையாத விண்மீன்கள் மேற்கு நோக்கிப் போவதாகத் தெரிகின்றன என்பது அவர் தந்த விளக்கம். இரத்தினபுரியிலிருந்து அவிசாவளைக்குப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே றப்பர் மரங்கள் பின்னால் ஓடுவதைக் கண்டவர்களுக்கு இது உடனே விளங்கும்.

இலங்கை என்றவுடன் மகிழ்ச்சியாக இருக்கிறதா? இங்கேயும் வாசிப்பில் கவனம் வேண்டும். அக்கால வானியல் நூல்களில் இலங்கை என்பது நிலநடுக்கோட்டின் மேல், உஜ்ஜயினி நகருக்கு நேர் தெற்கே உள்ளதாக எடுத்துக்கொண்ட ஓர் இடம். நாள் கணக்கு அங்கிருந்து தொடங்கும். நமது தீவு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, ஏறத்தாழ 6 பாகை முதல் 10 பாகை வரையான அகலக்கோடுகளில் இருக்கிறது. ஆகவே அவர் சொன்ன புள்ளி நமது நாட்டுக்குள் விழாது. பெயர் மட்டும் நம்முடையது.

கிரகணங்களை நிழல் கொண்டு அவர் விளக்கினார். பூமியின் நிழலில் சந்திரன் புகுந்தால் சந்திர கிரகணம், சந்திரன் சூரியனை மறைத்தால் சூரிய கிரகணம். வட்டத்தின் பரிதிக்கும் அவர் ஒரு வசனக் கணக்கே தந்தார். நூறுடன் நான்கைக் கூட்டி, எட்டால் பெருக்கி, அறுபத்திரண்டாயிரத்தைக் கூட்டினால், 20000 விட்டமுள்ள வட்டத்தின் பரிதி அண்ணளவாக வரும் என்பது அதன் கருத்து. 104 × 8 = 832. அதனுடன் 62000 சேர்த்தால் 62832. அதை 20000 ஆல் வகுத்தால் 3.1416. நீங்கள் பயன்படுத்தும் 22/7 ஐ விட இது திருத்தமானது. அண்ணளவாக என்று அவரே சொல்லிவிட்டதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. தம் விடை எவ்வளவு தூரம் சரி என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

பூமி சுழல்கிறது என்ற கருத்தை எல்லோரும் ஏற்கவில்லை. அவருக்குப் பின் வந்த பெரிய கணிதர் பிரமகுப்தர் அதைக் கடுமையாக மறுத்தார். இதில் ஆரியபட்டரே சரி என்று இன்று நமக்குத் தெரியும். ஆனால் பிரமகுப்தரை ஒதுக்கிவிட முடியாது. 628 இல் எழுதிய நூலில், மறை எண்களைக் கூட்ட, கழிக்க, பெருக்க விதிகள் தந்தவர் அவர். நேர் எண்ணைச் செல்வம் என்றும் மறை எண்ணைக் கடன் என்றும் அவர் அழைத்தார். தோட்டத்துக் கடையில் பற்று வைத்துச் சாமான் வாங்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்தக் கடன் எண் வயதுக் கணக்கிலும் வரும். இன்று தந்தைக்கு 40 வயது, மகனுக்கு 16 வயது. எத்தனை ஆண்டுகளில் தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 3 மடங்காகும்? வ ஆண்டுகளில் என்க.

40 + வ = 3(16 + வ)
40 + வ = 48 + 3வ
40 – 48 = 3வ – வ
–8 = 2வ
வ = –4

மறை எண் வந்தவுடன் விடை பிழை என்று வெட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குகிற பிள்ளைகளை ஒவ்வொரு வகுப்பிலும் காண்கிறேன். வெட்டாதீர்கள். வரும் ஆண்டுகள் நேர் என்றால் போன ஆண்டுகள் மறை. –4 என்றால் 4 ஆண்டுகளுக்கு முன்னர். அப்போது தந்தைக்கு 36, மகனுக்கு 12. மூன்று மடங்கு, சரி. விடையைக் கடைசியில் வசனமாக எழுதுங்கள்: 4 ஆண்டுகளுக்கு முன்னர் தந்தையின் வயது மகனுடையதன் மூன்று மடங்காக இருந்தது.

ஆரியபட்டரின் நூல் தப்பிப் பிழைத்தது உரைகாரர்களால்தான். நமக்குக் கிடைத்துள்ளவற்றில் மிகப் பழைய உரையை முதலாம் பாஸ்கரர் 629 இல் எழுதினார். அதாவது பிரமகுப்தர் தம் மறுப்பை எழுதிய அடுத்த ஆண்டில். ஆரியபட்டரின் கருத்துகள் அரபு மொழிக்கும் போயின. அங்கே அவர் பெயர் அர்ஜபர் என்று வழங்கியது. சமன்பாட்டுக் கணிதத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள அல்ஜீப்ரா என்ற பெயர், பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் 9ஆம் நூற்றாண்டு நூலில் உள்ள அல்ஜபர் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது.

தமிழ்நாட்டிலும் அவருக்கு உரை எழுதியவர் உண்டு. 1191 இல் பிறந்த சூரியதேவ யஜ்வன் அவர். சோழர்களின் பழைய தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்தைச் சேர்ந்தவர். கேரளத்தில் பரமேசுவரர், நீலகண்ட சோமயாஜி ஆகியோர் அந்தப் படிப்பை வளர்த்தார்கள். 1874 இல் ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரில், பரமேசுவரரின் உரையுடன் ஆரியபட்டீயம் அச்சேறியது. இந்தியா தனது முதலாவது செய்மதிக்கு ஆரியபட்டா என்று பெயரிட்டது. சோவியத் ஒன்றியத்தின் ரொக்கட் ஒன்று 1975 ஏப்ரல் 19 அன்று அதை விண்ணுக்குக் கொண்டு சென்றது.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. முதல் இரண்டும் உண்மையான மனிதர்களின் வயது. சக ஆண்டுடன் 78 ஐக் கூட்டினால் கி.பி. ஆண்டு வரும் என்று கொள்க.

பயிற்சி

1. சக ஆண்டு 550 இல் தமக்கு 30 ஆண்டுகள் கடந்திருந்ததாகப் பிரமகுப்தர் எழுதினார். அவர் பிறந்த கி.பி. ஆண்டு எது?

2. லீலாவதி என்ற கணித நூலை எழுதிய இரண்டாம் பாஸ்கரர் சக ஆண்டு 1036 இல் பிறந்தார். 36 வயதில் சித்தாந்த சிரோமணியை எழுதினார். அது எந்தக் கி.பி. ஆண்டு?

3. பாட்டி பேத்தியை விட 48 வயது மூத்தவர். 6 ஆண்டுகளின் பின்னர் பாட்டியின் வயது பேத்தியின் வயதைப் போல் 5 மடங்காகும். இன்று இருவரின் வயதுகளையும் காண்க.

4. தந்தைக்கு 45 வயது. பிள்ளைகள் இருவருக்கும் 15, 10 வயது. எத்தனை ஆண்டுகளின் பின்னர் பிள்ளைகளின் வயதுகளின் கூட்டுத்தொகை தந்தையின் வயதுக்குச் சமமாகும்? (பிள்ளைகள் இருவர் என்பதை மறக்க வேண்டாம்.)

5. அக்காவுக்கு 24 வயது, தம்பிக்கு 18 வயது. எத்தனை ஆண்டுகளில் அக்காவின் வயது தம்பியின் வயதைப் போல் இரு மடங்காகும்?

விடைகள்: (1) கி.பி. 598. (2) கி.பி. 1150. (3) பேத்தி 6, பாட்டி 54. (4) 20 ஆண்டுகள்; சமன்பாடு 45 + வ = 25 + 2வ. இங்கே 2வ க்குப் பதிலாக வ எழுதியவர்களுக்கு 45 = 25 என்று வந்திருக்கும். (5) வ = –12, அதாவது 12 ஆண்டுகளுக்கு முன்னர். அப்போது அக்காவுக்கு 12, தம்பிக்கு 6.